தண்ணீர் போகும் வழி

குளியலறைத் தரையில் ஒரு வாளித் தண்ணீரைச் சரித்துவிட்டு ஜெபகனி அசையாமல் நின்று கேட்டாள். மாடிச் சுவரோரம் இறங்கும் குழாயில் தண்ணீர் ஒரே மூச்சாகப் போயிற்று. போன வருடம் ஒரு வாளி ஊற்றினால் பாதி இறங்கும், மீதி தயங்கி நிற்கும், சளி பிடித்த தொண்டைபோலச் செருமிவிட்டுத்தான் கீழே போகும். சல்லடைத் தட்டில் தலைமுடி அடைத்துக்கொண்டால் அவள்தான் ஈர்க்குச்சியால் கிண்டி எடுப்பாள். இப்போது மாசி பாதியிலிருந்து, ஊற்றியதையெல்லாம் குழாய் விழுங்கிக்கொண்டிருந்தது. முதலில் அவளுக்கு அது சந்தோஷமாகக்கூட இருந்தது. வேலை மிச்சம் என்று நினைத்தாள். ஒரு வாரமாகத்தான் அந்தச் சத்தமில்லாமை அவளைத் தொந்தரவு செய்தது.

கீழே தெருவில் பித்தளைத் திருகு கீச்சிட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மதிலிலிருந்து தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயடியில் மண்குடங்கள் வரிசையாக இருந்தன. சாதாரணமாக இந்த நேரத்தில் முறைக்காக நடக்கும் சண்டை மாடிவரை கேட்கும். அன்று ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சுமடு தூக்கும் முத்துநாயகத்தைப் போன ஞாயிற்றுக்கிழமைதான் கொண்டுபோய்ப் புதைத்திருந்தார்கள். முட்டத்திலிருந்து கருவாட்டுச் சுமையைத் தலையில் ஏற்றினால் இரணியல் சந்தையில்தான் இறக்குவான் என்று பேர் வாங்கிய ஆள். காய்ச்சல் வந்து பாயில் விழுந்தவன் எழுந்திருக்கவேயில்லை. அதே தெருவில் வேறு குடிசைகளிலும் ஆள் படுத்திருப்பதாகச் சொன்னார்கள்.

அந்த வீட்டைப்போல் ஒரு வீடு இரணியல் வட்டாரத்தில் அப்போது கிடையாது. அவளுடைய மாமனார் ரசலையன் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்று வந்தவர். துரைமார் பங்களாக்களில் பார்த்ததையெல்லாம் சொந்த மண்ணில் கட்டிப் பார்த்துவிட்டார். கிணற்றடியில் கைப்பம்பு, அதிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு இரும்புக் குழாய், தொட்டியிலிருந்து அடுக்களைக்கும் மாடிக் குளியலறைக்கும், சங்கிலியை இழுத்தால் தண்ணீர் பாயும் கக்கூசுக்கும், தெருக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் மதிலோரக் குழாய்க்கும் தனித்தனிக் குழாய்கள். வீடு முடியும் முன்பே அவர் மனைவி இறந்துபோனார். ஜெபகனியின் கணவன் குமாரதாஸ், அப்பா விட்டுவந்த தோட்டத்திலேயே கிளார்க். தேயிலை விலை விழுந்து ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. லீவு கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயந்து அவன் ஊருக்கு வருவதையே தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பெரிய வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும். பம்பின் தோல் வாசருக்குத் தேங்காயெண்ணெய் விடுவது, தொட்டியின் அடியில் படியும் சேற்றை வழித்துக் கழுவுவது, கசிகிற மூட்டுக்குச் சணல் சுற்றுவது எல்லாம் அவள் வேலையாகிவிட்டன. பழகியபின் அவளுக்கு வீட்டின் ஒவ்வொரு குழாயும் என்ன சத்தம் போடும் என்று தெரிந்துபோயிற்று.

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் பின்கட்டுக்குப் போனாள். குளியலறைத் தண்ணீரும் கக்கூஸ் தண்ணீரும் ஒரே சுட்டமண் குழாயில் சேர்ந்து, மண்ணுக்கடியில் கிணற்றை ஒட்டிப் போய், தென்னைகளுக்கு அப்பால் இருக்கும் குழியில் விழும்படி அமைத்திருந்தார்கள். குழியைச் சுற்றி மட்டி வாழை நட்டிருந்தாள். எந்தக் கோடையிலும் கருகருவென்று நிற்கும் வாழைகள். இப்போது இலைகள் ஓரம் பழுத்துக் கிழிந்து தொங்கின. ஒரு கன்று தண்டோடு மடிந்து கிடந்தது. மூடியிருந்த கல்பாளத்தைக் கடப்பாரையால் நெம்பி நகர்த்திப் பார்த்தாள். குழியின் அடி காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஒரு சிலந்தி அதன் குறுக்கே வலை கட்டியிருந்தது.

தினமும் எத்தனை வாளித் தண்ணீர் மாடியிலிருந்து இறங்குகிறது. இங்கே ஒரு சொட்டுக்கூட வரவில்லை. அவள் திரும்பி, தண்ணீர் வரவேண்டிய பாதையைக் கண்ணால் தொடர்ந்துகொண்டு போனாள். தென்னை, துவைக்கும் கல், அதையடுத்துக் கிணறு. மிஷன் பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில் படித்ததும், போன மாசக் கடைசியில் தெருவுக்கு வந்த ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் குழாயடியில் நின்று சொன்னதும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. வெள்ளத்தைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று அவர் சொன்னபோது பெண்கள் சிரித்தார்கள். ஒரு நேரக் கஞ்சி காய்ச்சவே சுள்ளி பொறுக்கக் காடு அலைகிறவர்கள் அவர்கள். இந்த வீட்டில் எப்போதும் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர்தான். இந்த வீட்டில் யாருக்கும் தலைவலிகூட வரவில்லை.

மத்தியானம் ரசலையன் பலா இலையைக் கரண்டிபோலக் கோட்டிக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"மாமா, ஓடைக் குழாய் எங்கயோ பொட்டிப் போச்சு போல இருக்கு."

"வெள்ளம் நல்லாப் போவுதுன்னு நீதான மக்ளே சொன்ன?"

"நல்லாப் போவுது. ஆனா குழிக்குப் போவல்ல. குழி காஞ்சு கெடக்கு. கெணத்துப் பக்கத்துல வச்சு எறங்குதுன்னு எனக்குத் தோணுது."

அவர் பிலாவிலையை நிறுத்தினார். அவள் மேலே சொன்னாள்: "தெருக்குழாயக் கொஞ்ச நாளைக்கு அடைச்சு வைக்கணும் மாமா. நம்ம காய்ச்சிக் குடிக்கோம். அவங்க அப்படியே குடிக்காவ. முத்துநாயகம் செத்தது, மத்த வீட்டுலயும் காச்சத் தீனம் வந்தது..."

"அத மட்டும் சொல்லாத."

அவர் குரல் உயரவில்லை. இலையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்க அப்பன் பனையேறுன ஆளு. ஒரு நாள் வெயில்ல எனக்குத் தாகம் எடுத்து மயக்கம் வந்துட்டு. வழியில கண்ட கெணத்துல ஒரு ஓலப்பட்ட வெள்ளம் கோரித் தந்தாரு. அதுக்கு அவரத் தென்னையில கெட்டி வச்சு அடிச்சானுவ. நான் குடிச்ச வெள்ளம் வாயிலயே இருக்கு, முழுங்கணுமா துப்பணுமான்னு தெரியாம நின்னு பாத்தேன். கொழும்புக்குக் கப்பலேறும்போ நெனச்சது ஒண்ணே ஒண்ணுதான். என்னைக்காவது ஒரு கெணறு வெட்டுவேன், ஆரு வேணும்னாலும் வந்து கோருங்கன்னு சொல்லுவேன்னு. கெணத்துல கோர வந்தா ஊர்ல வம்பு வரும்னு குழாய வெளிய நீட்டி வச்சேன். இப்போ நானே அடைச்சா அவனுவ என்ன சொல்லுவான்? ரசலையனுக்குப் பணம் வந்ததும் அவனும் மத்தவனப்போல ஆயிட்டான்னு சொல்ல மாட்டானா?"

"சொல்லுவாவ. ஆனா..."

"அடைச்சா எங்க போவாவ? குளம் வத்திக் கெடக்கு. மத்த கெணத்துல விடுவானுவளா? நீ சொல்லு."

அவள் கிண்ணத்தை எடுத்து வைத்தாள். அவரே இறங்கிவந்தார். "ராஜையன வரச் சொல்லுதேன். குழாய் போட்டவன் அவந்தான. அவன் பாத்துச் சொல்லட்டு."

ராஜையன் மறுநாள் தோல்பையோடு வந்தார். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பங்களாவில் பம்பு மக்கர் செய்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சட்டையும் மடிப்புக் கலையாத வேட்டியுமாக வந்து, தெருக்குழாயின் தேய்ந்த தோல் வாசரை மாற்றினார். பம்பின் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். மாடிக்குப் போய் இரண்டு வாளித் தண்ணீரைக் கொட்டினார்.

"சத்தமில்லாம ஓடுதே, பின்ன என்ன? அடைப்பில்லாத ஓடைக்கு அதுதான் லெட்சணம்."

"குழி காஞ்சு கெடக்கே" என்றாள் ஜெபகனி.

"கோடையில மண்ணு உறிஞ்சத்தான செய்யும்."

"கெணத்துப் பக்கம் ஒரு முழம் தோண்டிப் பாக்கலாமா?"

ராஜையன் அவளைப் பார்க்காமல் ரசலையனைப் பார்த்தார். "நல்லா இருக்கிற குழாயத் தோண்டுனா மம்பட்டி பட்டுப் பொட்டும். அதுக்குப் பொறவு என்னக் குத்தம் சொல்லப்பிடாது."

"போதும் மக்ளே" என்றார் ரசலையன். ராஜையனின் அந்த வார்த்தை அவருக்கு வேண்டியிருந்தது. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது ஜெபகனிக்கு அவர்மேல் இரக்கமும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

வெயிலில் வேலை செய்த மனிதர் என்று, போகும்முன் தெருக்குழாயில் பிடித்த தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்து நீட்டினாள். வேண்டுமென்றுதான் அப்படிச் செய்தாள். ராஜையன் செம்பை வாங்கினார், உள்ளே பார்த்தார், மதில்மேல் வைத்துவிட்டார். நெற்றி வேர்வை கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது. "தாகமில்ல" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்.

அவளுக்கு அதற்குமேல் சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் தண்ணீர் குடிக்காததை வைத்து யாரிடம் போய் என்ன சொல்ல? மாமனாரிடம் சொன்னால் ராஜையன் இல்லையென்பார். தெருவில் சொன்னால் மாமனாரின் மானம் போகும். குமாரதாசுக்கு எழுதலாம் என்று நினைத்து, கடல் தாண்டிக் காகிதம் போய்வரும் நாட்களை எண்ணி அதையும் விட்டாள். தினமும் காலையில் ஜன்னலோரம் நின்று குடங்கள் நிறைவதைப் பார்த்தாள். மாடிக் கக்கூசுக்குப் போகவே அவளுக்குக் கூசிற்று. விடிவதற்குமுன் தோட்டத்துக்குப் போய்வந்தாள். ரசலையன் வழக்கம்போலப் பயன்படுத்தினார். அவர் சங்கிலியை இழுக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அடுக்களையில் அவள் கை வேலையை மறந்து நின்றுவிடும்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலை அன்னக்கிளி குழாயடிக்கு இரண்டு தடவை வந்தாள். பெட்டி முடைந்து விற்கிறவள். ஜெபகனியின் வயதுதான் இருக்கும். நிதானமாக வந்து நிதானமாகப் போகிறவள், இரண்டாவது தடவை ஏறக்குறைய ஓடிவந்தாள். ஜெபகனி மதிலருகே போனாள்.

"என்ன அன்னக்கிளி?"

"தாணம்மைக்குக் காச்சல் அம்மா. உடம்பு கொதிக்கி. வெள்ளம் வெள்ளம்னு கேக்கா. குடுக்கக் குடுக்கக் குடிக்கா. துணி நனச்சுப் போடவும் வேணும்."

தாணம்மாள் அவளுடைய ஒரே பெண். பெட்டி முடைய ஓலையைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டு தாயின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் குழந்தை. குடம் விளிம்புவரை நிறைந்து வழிந்தது. அன்னக்கிளி திருகை மூடக் கையை நீட்டியபோது ஜெபகனி மதிலுக்கு மேலாகக் குனிந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"இந்த வெள்ளம் வேண்டாம்."

"பின்ன எந்த வெள்ளம்?"

அன்னக்கிளி பிடிபட்ட கையைப் பார்த்தாள். அவளை அந்த வீட்டார் யாரும் அதுவரை தொட்டதில்லை. ஜெபகனிக்கு இனி நாள் கடத்த முடியாது என்று தோன்றிவிட்டது. ரசலையன் சபைக் கமிட்டிக்குப் போயிருந்தார், மத்தியானத்துக்குமேல்தான் திரும்புவார். அவள் உள்ளே ஓடிப்போய்க் காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீரை ஒரு பானையில் ஊற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். "இதப் பிள்ளைக்குக் குடு. குடத்துல உள்ளதக் கீழ கொட்டு. பிள்ளையப் பக்கத்து வீட்டுல பாத்துக்கிடச் சொல்லிட்டுத் திரும்பி வா. எனக்கு ஒரு ஆளு வேணும்."

அன்னக்கிளி திரும்பி வருவாளா என்று தெரியாமலே அவள் மொட்டைமாடிக்கு ஏறித் தெருக்குழாயின் அடைப்பை இறுக்கி மூடினாள். பிறகு அடுக்களை மூலையிலிருந்த மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிப் பார்த்தாள். பாதிக்குமேல் இருந்தது.

அன்னக்கிளி வந்தாள். பின்வாசல் நடையில் காலை வைக்கத் தயங்கினாள். கிணற்றடியில் விறகு அடுக்க ஒன்றிரண்டு தடவை வந்திருக்கிறாளே தவிர, வீட்டுக்குள் வந்ததில்லை. ஜெபகனி அவளை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கக்கூஸ் கதவைத் திறந்ததும் அன்னக்கிளி அந்த வெள்ளைப் பீங்கானைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்னது அம்மா?"

"கக்கூஸ்."

"வீட்டுக்குள்ளயா?"

"ஆமா. இதுல இத ஊத்து." டின்னை அவள் கையில் கொடுத்தாள். "நான் ஊத்தினா நாளைக்கு நேரா கெணத்துலயே கொட்டிட்டான்னு சொல்லுவாவ. நீ ஊத்து. நீ பாத்ததா இருக்கட்டு."

அன்னக்கிளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் ஊற்றினாள். நீலச் சாயலுள்ள எண்ணெய் கொளகொளவென்று விழுந்தது. ஜெபகனி சங்கிலியை இழுத்தாள். சங்கிலித் தொட்டி நிறையும்வரை காத்திருந்து மறுபடியும் இழுத்தாள். குளியலறையிலும் வாளி வாளியாகக் கொட்டினாள். எல்லாம் சத்தமில்லாமல் போயிற்று.

"கெணத்துல மண்ணெண்ண மணந்தா, மேல போறது கீழ வருதுன்னு அர்த்தம்."

"மணக்கல்லன்னா?"

"மணக்கல்லன்னா எனக்குப் பைத்தியம்."

கிணற்றடியில் இருவரும் நின்றார்கள். ஜெபகனி வாளியை இறக்கி மேலே இழுத்து முகத்தருகே கொண்டுபோனாள். பாசியும் இரும்பும் கலந்த எப்போதுமுள்ள வாசனைதான். கொட்டிவிட்டு மறுபடியும் இறக்கினாள். வெயில் ஏறிற்று. கப்பி கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டு ஓய்ந்தது. அன்னக்கிளி ஒருமுறை ஓடிப்போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தாள். ஜெபகனியின் உள்ளங்கை கயிற்றில் உரசிச் சிவந்துவிட்டது. ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் மனம் நினைத்தது. மாமனாரின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிடலாம், குழாயைத் திறந்துவிடலாம். அதே சமயம், ஒன்றுமில்லை என்றாகிவிட்டால் இந்தப் பெண்முன் எப்படி நிற்பது என்றும் நினைத்தது. எதற்காக வேண்டிக்கொள்கிறோம் என்பது அவளுக்கே புரியவில்லை.

"நான் போறேன் அம்மா. பிள்ள என்னத் தேடுவா" என்று நகர்ந்த அன்னக்கிளி, வாளி மேலே வந்ததும் நின்றாள். அவள் மூக்குத்தான் முதலில் கண்டுபிடித்தது. வாளித் தண்ணீரின்மேல் மயில்கழுத்து நிறத்தில் மெல்லிய ஏடு ஒன்று சுழன்றது. ஜெபகனி குனிவதற்கு முன்பே அந்த வாடை எழும்பி வந்தது.

அன்னக்கிளி மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சுவரில் இறங்கும் குழாயை. பிறகு கிணற்றை. தண்ணீர் போகும் வழியை அவள் கண் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டு வந்தது.

"மேல அந்த வெள்ளக் கிண்ணத்துல போறது... இஞ்ச வருதா?"

ஜெபகனி தலையசைத்தாள்.

"எத்தற நாளா?"

"மாசியில இருந்து இருக்கும்."

"நேத்து ராத்திரி முழுக்க இதத்தான் சிரட்டையில கோரிக் கோரிக் குடுத்தேன். அவ கேட்டுக் கேட்டுக் குடிச்சா." அன்னக்கிளியின் குரல் தாழ்ந்தே இருந்தது. முகம் மட்டும் ஜெபகனி பார்த்திராத ஒருத்தியின் முகமாக மாறிக்கொண்டிருந்தது. "ஏட்டி, உங்க பீயையாட்டி எங்களுக்குக் குழாய் வச்சுத் தந்தீங்க?"

வாளி ஜெபகனியின் கையிலிருந்து நழுவிக் கல்லில் விழுந்தது. தண்ணீர் இருவர் காலிலும் தெறித்தது. அந்த நேரத்தில்தான் ரசலையன் குடையும் வேதப்புத்தகமுமாகப் பின்கட்டுக்கு வந்தார். வாடை அவரை வாசலிலேயே பிடித்திருந்தது.

"ஆரு கெணத்துல மண்ணெண்ண ஊத்துனது?" அவர் பார்வை மருமகளிடமிருந்து அன்னக்கிளிக்குத் தாவியது. "ஆருன்னு கேக்கேன்."

"நாந்தான் ஊத்துனேன்" என்றாள் அன்னக்கிளி. "கெணத்துல இல்ல. மேல, உங்க கக்கூசுல."

அவர் குடையைக் கீழே வைத்தார். கவிழ்ந்து கிடந்த வாளியை எடுத்து, தானே கிணற்றில் இறக்கி இழுத்தார். உள்ளங்கையில் அள்ளி மூக்கருகே கொண்டுபோனவர், கொஞ்சம் நின்று, அதை வாயருகே உயர்த்தினார். ஜெபகனி பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விரல்களிடையே தண்ணீர் ஒழுகிப் போயிற்று. அவர் எதிர்க்கவில்லை. துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். அன்னக்கிளி யாரையும் திரும்பிப் பார்க்காமல் தன் பிள்ளையிடம் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் சட்டையைக் கழற்றிக் கல்லின்மேல் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தார். ஆள் கூப்பிடட்டுமா என்று கேட்டவளிடம் வேண்டாமென்று தலையசைத்தார். செம்மண் முதலில் கல்போல இருந்தது. முழங்கால் ஆழத்துக்குப் போனதும் மண் கறுத்துக் குழைந்தது. அதற்குள் தெருவில் விஷயம் பரவி, மதிலுக்கு வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். முதல் தடவையாகச் சிலர் கேட்காமலே உள்ளே வந்து நின்றார்கள். குழாய் தெரிந்தது. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் ஒன்று கீழே இறங்கிவிட்டிருந்தது. இடைவெளி வழியாகச் சேறு கிணற்றுச் சுவரின் கல்லிடுக்குவரை கருங்கோடாகப் போயிருந்தது. நாற்றம் தாங்காமல் ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடினாள்.

ராஜையனை யாரோ கூட்டிவந்திருந்தார்கள். அவர் பள்ளத்தின் ஓரத்தில் குந்தி, பொரிந்து உதிர்ந்த மூட்டுப்பூச்சை விரலால் தொட்டார்.

"குழாய் போடும்போ சிமெண்டு தீந்துபோச்சு. இந்தப் பக்கத்து மூட்டுக்கெல்லாம் வெறும் சுண்ணாம்புதான் வச்சேன். நிக்கும்னு நெனச்சேன்."

"அண்ணைக்கு வந்து பாத்தப்போ தெரியுமா உமக்கு?" என்றாள் ஜெபகனி.

"சந்தேகம் உண்டு." பிறகு எழுந்து நின்று, யாரிடமென்றில்லாமல் சொன்னார்: "கெணத்த ஒட்டிக் கொண்டுபோவ வேண்டாம்னு நான் சொன்னேன். அந்தப் பக்கமாப் போனா பிலாவ வெட்டணும், அது எனக்க வீட்டுக்காரி நட்டதுன்னு இவருதான் சொன்னாரு."

"ஆமா" என்றார் ரசலையன் பள்ளத்துக்குள்ளிருந்து. "நாந்தான் சொன்னேன்."

அவர் மேலே ஏறிவந்து, சேறு அப்பிய காலோடு ஆட்களின் முன்னால் நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கமிட்டிகளில் மணிக்கணக்காகப் பேசக்கூடியவர். முத்துநாயகத்தின் பெண்டாட்டி கைக்குழந்தையோடு முன்வரிசையில் நின்றாள். அவள் அவரைத் திட்டவில்லை. "அப்போ எனக்க மாப்பிள..." என்று ஆரம்பித்தாள். அதற்குமேல் அவளுக்கு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. குழந்தை மட்டும் அவர் மார்பில் தெறித்திருந்த சேற்றைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலமே மாடிக் கக்கூசின் குழாய் உடைக்கப்பட்டது. ராஜையன் கூலி கேட்காமல் வந்து, எல்லா மூட்டுகளையும் பெயர்த்து, தாரில் முக்கிய கயிறும் சிமெண்டும் வைத்துக் கிணற்றைவிட்டு வெகுதூரம் தள்ளிப் புதிய ஓடை போட ஆரம்பித்தார். பிலா வெட்டப்பட்டது. கிணற்றை இறைத்து, சுண்ணாம்பு போட்டு, ஊறவிட்டு மறுபடியும் இறைத்தார்கள். ஊறிய தண்ணீரில் இன்னும் மண்ணெண்ணெய் வாடை இருந்தது. வள்ளியாற்றுப் பக்கம் மணலில் ஊற்றுத் தோண்டி, பீப்பாய்களில் நிரப்பி வண்டியில் தண்ணீர் கொண்டுவர ரசலையன் ஏற்பாடு செய்தார். அவரே வண்டிக்காரனோடு போய்வந்தார். முதல் நாள் வண்டி தெருமுனையில் நின்றபோது ஒரு குடம்கூட வெளியே வரவில்லை. கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் இருப்பது தெரிந்தது. மாடு மூத்திரம் பெய்து, அசைபோட்டு, பொழுது சாய்ந்தது. பீப்பாயோடு வண்டி திரும்பி வந்தது.

ஜெபகனி அந்தத் தண்ணீரை அண்டாவில் ஊற்றி, வெட்டிப்போட்ட பிலாக்கொம்புகளை வைத்து எரித்தாள். பச்சை விறகு, புகை கண்ணைக் கரித்தது. கொதித்து ஆறியதும் இரண்டு குடங்களில் வடிகட்டி, ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாகத் தெருவுக்குள் நடந்தாள். குழாய் இருந்த இடத்தில் மதிலில் மரக்கட்டை அடித்திருந்தது. அதைத் தாண்டி அவள் ஒருநாளும் அந்தத் தெருவுக்குள் போனதில்லை. நாய் ஒன்று குரைத்துக்கொண்டே பின்னால் வந்தது. யாரும் அதை விரட்டவில்லை.

அன்னக்கிளியின் குடிசையில் நிமிர்ந்து நிற்க முடியவில்லை. பாதி முடைந்த பெட்டிகள் மூலையில் கிடந்தன. தாணம்மாள் பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது, கண் பாதி திறந்து எதையும் பார்க்காமல் இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதாகவும், நாக்கைப் பார்த்துவிட்டு குணமாக இன்னும் நாளாகும், விடாமல் தண்ணீர் கொடு என்று சொல்லி அனுப்பினார்கள் என்றும் வழியில் ஒருத்தி சொல்லியிருந்தாள். அன்னக்கிளி பாயருகே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"காய்ச்சுன வெள்ளம்" என்றாள் ஜெபகனி. "ஆத்து ஊத்துல எடுத்தது."

அன்னக்கிளி குடத்தைப் பார்த்தாள்.

"நல்லாக் கொதிக்க வச்சேன் அன்னக்கிளி. நானே நின்னு வச்சேன்."

அன்னக்கிளி சிரட்டையை எடுத்துத் தரையில் அவள் பக்கமாகத் தள்ளினாள். "நீ குடி முதல்ல."

ஜெபகனி குனிந்து உட்கார்ந்தாள். குடத்தைச் சரித்துச் சிரட்டையில் ஊற்றினாள். புகைவாடை அடித்தது. குடித்தாள். அன்னக்கிளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை; தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் அங்கே தோல் ஏறி இறங்குவதை, கடைசி மடக்குவரை பார்த்தாள். பிறகு கையை நீட்டிச் சிரட்டையை வாங்கினாள். அதைப் புறங்கையால் துடைத்தாள். தானே குடத்தைச் சரித்து நிரப்பிக்கொண்டு பிள்ளையின் தலையை மடியில் தூக்கி வைத்தாள்.

தாணம்மாளின் உதடுகள் ஈரத்தை முகர்ந்து தானாகத் திறந்தன. அன்னக்கிளி சிரட்டையை அவள் வாயருகே கொண்டுபோனாள். சரிக்கத் துணியாமல் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தாள். ஓலையிடுக்கு வழியாக விழுந்த வெயில் அதற்குள் ஒரு காசு அளவுக்குக் கிடந்து, தண்ணீரோடு சேர்ந்து அசைந்தது.